பின்பக்கம் இல்லாத படிவம்

அரசு வேலைக்கான மருத்துவத் தகுதிச் சான்றுப் படிவத்தின் பின்பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு குறிப்பு உண்டு. பார்வையைத் திருத்துவதற்காக அணியும் எதுவாக இருந்தாலும், அதைக் கண்ணின் மேலேயே பொருத்திக்கொண்டாலும், சான்று வழங்கும் காரியத்துக்கு அது கண்ணாடியாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். தெளிவான விதி. அரசாங்கம் இவ்வளவு தெளிவாக எழுதுவது அபூர்வம். ஆனால் 1994இல், ஒரு பெண்ணின் வேலை இந்த ஒரு விதியை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தபோது, மதுரையில் நான் விசாரித்த எவரும் இதைப் படித்திருக்கவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் அந்தப் படிவத்துக்குப் பின்பக்கமே கிடையாது. யாரோ ஒருவர், எப்போதோ, ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையில் முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்திருக்கிறார். அந்த நகலுக்கு நகல், அதற்கும் நகல் என்று அது பெருகிவிட்டது. விண்ணப்பிப்பவரும் அதைத்தான் வாங்கினார்; சான்று தருகிறவரும் அதைத்தான் வைத்திருந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு துண்டுப் பிரசுரம். கண் மருத்துவமனை ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வையை அளக்கிறவனாக, வேலை பார்த்துவிட்டு, கே.கே. நகரில் பென்ஷன் இல்லாத ஓய்வில் இருக்கிறேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள், கான்டாக்ட் லென்ஸ் பரிசோதனையில் என்ன எதிர்பார்க்கலாம் என்று நோயாளிகளுக்கு ஒரு பிரசுரம் தயாரித்து, பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார்கள். வலியில்லாதது, எளிது, அரை மணி நேரத்தில் முடியும் என்று அதில் இருந்தது. வலியில்லாதது என்பது உண்மை. எளிது என்பது பாதி உண்மை. அரை மணி நேரம் என்பது விளம்பரம். எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பிவிட்டேன். மற்ற பிழைகளுக்காக இந்தக் கட்டுரை.

நான் படித்தது இரண்டு வருடம். அதில் கற்றுக்கொண்டதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம் என்பதால் சொல்லவில்லை. வேலை கற்றது டாக்டர் ரெங்கநாயகியிடம். சௌராஷ்டிர வீட்டுப் பெண். அப்பா தெற்கு மாசி வீதியில் ஜவுளி வியாபாரி. யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். கருவி மக்கர் செய்தால் மட்டும் அவர்கள் வீட்டு மொழியில் அதைத் திட்டுவார். எங்களைத் திட்டியிருந்தால் தமிழில் திட்டியிருப்பார் என்பதால் நாங்கள் கவலைப்பட்டதில்லை. லென்ஸ் பிரிவில் சேருகிறவர்கள் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கத் தாங்களே லென்ஸ் போட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். நானும் போட்டேன். கண்ணுக்குள் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கிற மாதிரி இருந்தது. "எப்படி இருக்கு சேகர்?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். "பொய் சொல்றீங்க. நாளைக்கு உங்ககிட்டயும் எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க, ஞாபகம் வச்சுக்கங்க" என்றார்.

அவருடைய இன்னொரு சட்டம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பவர் பார்க்கும்போது இரண்டு வில்லைகளை மாற்றி மாற்றிக் காட்டி, "இதுல நல்லாத் தெரியுதா, அதுலயா?" என்று கேட்போம். எல்லோரும் ஒரு முறை கேட்பார்கள். அவர் மூன்று முறை கேட்பார். இரண்டாவது முறை வில்லைகளின் வரிசையை மாற்றிக் காட்டுவார். மூன்றாவது முறை, இரண்டு தடவையும் ஒரே வில்லையைக் காட்டுவார். அப்போதும் "ரெண்டாவதுதான் நல்லாருக்கு" என்று சொன்னால், அந்த ஆள் எழுத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, டாக்டரின் மனசு கோணாமல் இருக்கச் சொல்கிறார் என்று அர்த்தம். மூன்றுக்கும் பதில் ஒத்துப்போனால்தான் அவர் கண்ணாடி எழுதுவார். அவரிடம் வந்து கண்ணாடி வாங்காமல் திரும்பிப் போனவர்கள் மதுரையில் நிறையப் பேர். கீழே கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்கு இதில் நீங்காத வருத்தம்.

முத்துப்பேச்சி வந்தது 1994 ஆடி மாதம். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். கூட வந்தவர் அண்ணன் ராசு, விவசாயம். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, வருடக்கணக்காகக் காத்திருந்து, டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் அவளுக்கு நியமனம் வந்திருந்தது. மருத்துவத் தகுதிச் சான்று கொடுத்தால்தான் சேர முடியும். சான்றுக்குப் போன இடத்தில் கண்ணாடியுடன் அவள் பார்வை 6/36 என்று எழுதி, சரியான கண்ணாடியுடன் மூன்று வாரத்துக்குள் திரும்ப வரவும் என்று அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் முப்பத்தாறு மீட்டரில் நின்று படிக்கிற எழுத்தை, அவள் ஆறு மீட்டருக்கு வந்துதான் படிக்க முடியும் என்று பொருள். மூன்று வாரம் தாண்டினால் நியமனம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"அண்ணே, நல்ல கண்ணாடியாப் பாத்துப் போட்டுக் குடுங்க. எம்புட்டு கனமா இருந்தாலும் பரவால்ல" என்றார் ராசு.

"கனத்துல இல்ல விசயம்."

"இதுவரைக்கும் போட்ட கண்ணாடி அஞ்சு வீட்டுல இருக்கு சார். கொலு வைக்கலாம்" என்றாள் முத்துப்பேச்சி.

லென்ஸ் பரிசோதனை கேள்வியில் தொடங்கும். என்ன வேலை, தூசியில் புழங்குவீர்களா, வண்டி ஓட்டுவீர்களா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், கண் அரிக்குமா. பிரசுரத்தில் இதை "அறிமுக உரையாடல்" என்று போட்டிருந்தார்கள். அது உரையாடல் அல்ல, விசாரணை.

"கண்ணைக் கசக்குவியாம்மா?"

"இல்ல சார்."

"பொய் சொல்லுறா அண்ணே. பரோட்டாவுக்கு மாவு பெசையுற மாதிரி கசக்குவா. சின்னப் புள்ளையில இருந்து."

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி நோய் தெரிந்துவிட்டது. அடுத்து கெரட்டோமீட்டர். கருவிழியின் வளைவை அளக்கிற கருவி. தாடையைத் தாங்கியில் வைத்து உள்ளே பார்க்கச் சொல்வோம். ஒளி வளையங்கள் அவர்கள் கருவிழியில் பட்டுத் திரும்புவது எங்களுக்குத் தெரியும். நல்ல கண்ணில் அது வட்டமாக இருக்கும். முத்துப்பேச்சியின் கண்ணில் அமுக்கிய எலுமிச்சம்பழம் மாதிரி கோணிக்கொண்டு, நிலையாகவும் நிற்காமல் ஆடியது. அளவுகோல் அதன் கடைசி எண்ணைத் தாண்டிப் போய்விட்டது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் சோதனை வில்லைகள் அடுக்கிய ட்ரையல் பெட்டியிலிருந்து மெலிந்த பிளஸ் வில்லை ஒன்றை எடுத்து, கருவியின் முகப்பில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். அளவுகோல் அதற்கு மேலும் சில எண்கள் நீண்டது. "லட்ச ரூபா மெஷினும் வேணும், நாலணா பிளாஸ்திரியும் வேணும்" என்றார்.

பிறகு அவளைக் கீழே பார்க்கச் சொன்னார். கீழ் இமையின் நடுப்பகுதி உள்ளேயிருந்து ஏதோ முட்டுவதுபோலக் கூராகத் துருத்தியது. கூம்புக் கருவிழி. உருண்டையாக இருக்க வேண்டிய கருவிழி மெலிந்து முன்னால் கூம்பிப் போவது. கண்ணைக் கசக்கக் கசக்க இன்னும் கூம்பும். வெளியே மூக்கின் மேல் நிற்கிற கண்ணாடியால் அதைச் சரிக்கட்ட முடியாது. கருவிழியின் மேலேயே விறைப்பான ஒரு லென்ஸை உட்கார வைத்தால், கோணலுக்கும் லென்ஸுக்கும் நடுவில் கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமப்படுத்திவிடும். கடைகளில் அதை செமி-சாஃப்ட் என்பார்கள். அதில் சாஃப்டாக எதுவும் கிடையாது.

சோதனை லென்ஸைப் போடும்போது சிலர் மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். டாக்டர் விடமாட்டார். மருந்து விட்டால் இன்றைக்குச் சிரித்துக்கொண்டு போவார்கள், லென்ஸ் வாங்கிய மறுநாள் அழுதுகொண்டு வருவார்கள் என்பது அவர் கட்சி. போட்டதும் முத்துப்பேச்சிக்குக் கண்ணீர் தாரையாக ஓடியது. கீழே பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் வராந்தாவில் உட்காரச் சொன்னேன். பிரசுரத்தின் அரை மணி நேரம் இந்த உட்காருகிற நேரத்துக்கே சரியாகிவிடும். ராசு பத்து நிமிடத்தில் கதவைத் தட்டினார்.

"அண்ணே, புள்ள அழுவுது."

"அழல. லென்ஸ் போட்டா மொதல்ல அப்படித்தான்."

"எனக்குத் தெரியாதா? மூக்க வேற உறியுறா."

அழுகை நின்றபின் மஞ்சள் சாயம் தோய்த்த காகித நுனியால் கண்ணின் வெள்ளையைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்போம். கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும். லென்ஸ் கருவிழியில் உரசுகிற இடம் கறுப்பாக இருக்கும். முதல் லென்ஸ் கூம்பின் நுனியை அழுத்தியது. நடுவில் கறுப்புப் பொட்டு. இரண்டாவது ஓரத்தில் இறுக்கியது. மூன்றாவது இமைத்தால் வழுக்கிக் கீழே போனது. ஒவ்வொன்றுக்கும் இடையில் கழுவல், காத்திருப்பு. நாலாவதில், நுனியில் பட்டும் படாமலும், ஓரத்தில் மெல்லிய பச்சை வளையத்தோடு லென்ஸ் உட்கார்ந்தது. மணி மதியம் இரண்டு. அடுத்த கண்ணுக்கு மூன்று லென்ஸ். டாக்டர் சாப்பிடப் போகவில்லை. எனவே நானும் போகவில்லை.

எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னேன். அவள் பலகைக்கு முன் என்னைப் பார்த்தாள்.

"சார், சட்டப் பட்டனை மாத்திப் போட்டுருக்கீக."

காலையிலிருந்து அப்படித்தான் திரிந்திருக்கிறேன். மருத்துவமனையில் கண் தெரிந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. பிறகு பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தாள். ராசு என்னிடம், "எல்லாம் மனப்பாடமா இருக்குமோ?" என்று கேட்டார். பலகையை மாற்றிக் காட்டினேன். அதையும் படித்தாள். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

லென்ஸ் சென்னையிலிருந்து வரப் பன்னிரண்டு நாள் ஆனது. போட, கழற்றக் கற்றுக்கொடுப்பதும் பரிசோதனையில் ஒரு பகுதிதான். நகம் வெட்ட வேண்டும். கழுவும் தொட்டியின் ஓட்டையில் துணியை அடைக்க வேண்டும். எச்சில் தொட்டு ஈரமாக்கக்கூடாது. கழற்ற, கண்ணின் ஓரத்தைக் காதுப் பக்கமாக இழுத்து இமைத்தால் உள்ளங்கையில் வந்து விழும். முத்துப்பேச்சி கால் மணி நேரத்தில் பழகிவிட்டாள். முதல் நாள் இரண்டு மணி நேரம், பிறகு தினம் ஒரு மணி நேரம் கூட்டிப் போடச் சொன்னேன். மூன்றாம் நாள் சான்று வாங்கப் போனாள். அன்று மாலையே திரும்பி வந்தாள்.

"கடைசி வரி படிச்சேன் சார். 'கண்ணுக்குள்ள என்னமோ மின்னுதே, என்னது?'ன்னாரு. லென்சுன்னேன். அப்ப இத எதுல எழுதன்னு என்னையவே கேக்குறாரு."

மறுநாள் நானே போனேன். சான்று தருகிற மருத்துவர் கெட்டவர் அல்ல. எனக்கு நாற்காலி போட்டார். படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். பார்வை என்ற தலைப்பின் கீழ் இரண்டு கட்டங்கள்: கண்ணாடி இல்லாமல், கண்ணாடியுடன்.

"இல்லாமன்னு எழுதினா பொய். உள்ள லென்ஸ் இருக்கு. கண்ணாடியோடன்னு எழுதினா அதுவும் பொய். மூஞ்சில கண்ணாடி இல்ல. எனக்கு ரெண்டு கட்டம்தான் சார் குடுத்துருக்காங்க. மூணாவதை நானாப் போட்டா, நாளைக்கு என்னைய நிக்க வச்சுக் கேப்பாங்க."

"இந்தப் பொண்ணுக்குத் தெரியுது. அதுதானே கேள்வி?"

"அது உங்க கேள்வி. என் கேள்வி கட்டம். மேல எழுதிக் கேளுங்க, பதில் வந்தா நான் உடனே போட்டுத் தர்றேன்."

அவர் சொன்னதில் எனக்கு மறுக்க எதுவும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு அதுதான் உறுத்தியது. அன்றே சென்னையில் இருந்த மேலலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். நோய் இன்னது, கண்ணாடியால் பயனில்லை, லென்ஸால் முழுப் பார்வை, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெளிவுபடுத்தவும். டாக்டர் கையெழுத்திட்டார். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். கெடு முடிய ஆறு நாள் இருந்தது.

நாலாம் நாள் ராசு ஒரு மூட்டை மொச்சைக்காயோடு வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "பதில் வந்துருச்சாண்ணே?" என்று தபால் கொண்டுவருகிறவரையும் சேர்த்து எல்லோரையும் கேட்டார். முத்துப்பேச்சி அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணைக் கசக்கவில்லை. கசக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். லென்ஸோடு நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைச் சட்டத்தை மாட்டி, அரை பவர் வில்லை ஒன்றை எடுத்தார். லென்ஸ் போட்டபின் மிச்சம் ஏதாவது பவர் இருக்கிறதா என்று மேலே வில்லை வைத்துப் பார்ப்பது முறைதான். முதல் நாளே நான் பார்த்திருந்தேன். மிச்சம் எதுவும் இல்லை என்று அவளுடைய பரிசோதனைச் சீட்டில் என் கையெழுத்தில் இருந்தது. அந்தச் சீட்டு அவர் முன்னால்தான் திறந்து கிடந்தது.

வில்லை இல்லாமல் ஒரு முறை காட்டினார். வில்லையுடன் ஒரு முறை காட்டினார்.

"இதுவா, அதுவா?"

முத்துப்பேச்சி எழுத்துப் பலகையைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டாவதும்மா."

நான் அடுத்த முறைக்காகக் காத்திருந்தேன். வரிசையை மாற்றுவார், பிறகு ஒரே வில்லையை இரண்டு தடவை காட்டுவார். டாக்டர் வில்லையைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கண்ணாடிச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"அம்மா..." என்றேன்.

"சேகர், கீழ கடையில சொல்லுங்க, இன்னைக்கே வேணும்னு."

அவ்வளவுதான். அவருக்குக் கீழே நான் வேலை பார்த்த காலம் முழுவதிலும் அவர் ஒரு தடவை மட்டும் கேட்டது அன்றைக்குத்தான். கண்ணாடிக் கடைக்காரர் சந்தோஷமாக வேலை செய்தார். மறுநாள் முத்துப்பேச்சி கண்ணுக்குள் லென்ஸும் மூக்கின் மேல் கண்ணாடியுமாகப் போய் நின்றாள். கடைசி வரியைப் படித்தாள். மருத்துவர் இரண்டாவது கட்டத்தில் 6/6 என்று எழுதிக் கையெழுத்திட்டார். முகத்தில் கண்ணாடி இருந்தது. கடைசி வரியும் தெரிந்தது. அந்தக் கட்டத்தில் பொய் எதுவும் இல்லை. பொய் இருந்திருந்தால் அது எங்கள் சீட்டில் இருந்தது. அந்த அரை பவரால் அவளுக்கு உண்மையிலேயே தெளிவு கூடியதா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "அந்தக் கடுதாசிக்குப் பதில் வந்தா என்கிட்டக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

முத்துப்பேச்சி ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பரிசோதனைக்கு வந்தாள். கூம்பு வளர்ந்திருக்கிறதா, லென்ஸ் உரசுகிறதா, கீறல் விழுந்திருக்கிறதா என்று வருடம் தவறாமல் பார்க்க வேண்டும். முகத்தில் அந்தக் கண்ணாடி எப்போதும் இருக்கும். சான்றில் கண்ணாடியுடன் என்று எழுதியிருப்பதால், பள்ளியில் ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்ணாடி எங்கே என்று கேட்டுவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். பிள்ளைகள் கண்ணாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அதை வாங்கித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பேனே தவிர, அதன் பவரை நான் மறுபடி சோதித்ததில்லை. முறைப்படி வருடாவருடம் சோதித்திருக்க வேண்டும். சோதித்தால் பதில் தெரிந்துவிடும்; தெரிந்துவிட்டால் சீட்டில் எழுத வேண்டும். விதிகளை நன்றாகத் தெரிந்தவன், எந்த இடத்தில் கேள்வி கேட்கக்கூடாது என்பதையும் நன்றாகத் தெரிந்துவைத்திருப்பான். சென்னைக்கு நினைவூட்டல் கடிதம் மட்டும் வருடத்துக்கு ஒன்று, தவறாமல் அனுப்பினேன்.

பதில் வந்தபோது டாக்டர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. பழுப்பு உறையில், ஒரே வரி. இணைப்பில் உள்ள படிவத்தின் பின்பக்கம் குறிப்பு ஐந்தைப் பார்க்கவும். இணைப்பில் ஜெராக்ஸ் அல்லாத, அச்சடித்த படிவம். அதைத் திருப்பினேன். டாக்டருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"நாள் பூரா வில்லையத் திருப்பித் திருப்பிக் காட்டுறதுதான் நம்ம பொழப்பு, சேகர். அந்தக் காகிதத்தத் திருப்பிப் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல பாருங்க" என்றார்.

பத்து நாள் கழித்து முத்துப்பேச்சி வந்தாள். கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸுக்கு மேல் அந்த அரை பவரை வைத்துக் கேட்டேன். இதுவா, அதுவா? ரெண்டும் ஒண்ணுதான் என்றாள். வரிசையை மாற்றிக் கேட்டேன். ஒண்ணுதான் என்றாள். ஒரே வில்லையை இரண்டு தடவை காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"அன்னைக்கும் ஒண்ணுதான் சார். டாக்டரம்மா இன்னொரு தடவ கேட்டுருந்தா உண்மையச் சொல்லிருப்பேன். அவுக கேக்கலையே."

"சரி, இனிமே கண்ணாடிய விட்டுரலாமா?"

"இருக்கட்டும் சார். வண்டியில வாரேன், லென்ஸ்ல தூசி விழாது."

கழற்றி மடியில் வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ராசு கீழே வண்டியோடு காத்திருக்கிறார் என்று எழுந்து போனாள். நான் அவள் சீட்டை எடுத்தேன். மேலே டாக்டரின் கையெழுத்தில் அரை பவர். அதை அடிக்கவில்லை. கீழே, கண்ணாடி தேவையில்லை, விரும்பினால் அணியலாம் என்று எழுதினேன். ஆதாரம் என்ற இடத்தில் பின்பக்கம், குறிப்பு ஐந்து என்று குறித்து, அதற்குப் பக்கத்தில் பதில் வந்த தேதியையும் போட்டேன்: 28.4.1999.